வெயில் வேறு, பகல் வேறு, சூடு வேறு

டொரோண்டோவில் இருக்கும் என் தம்பி மகன் ஜனவரியில் ஒருநாள் வீடியோ அழைப்பில் வந்தான். அவனுக்குப் பின்னால் பெரிய கண்ணாடிச் சன்னல். வெளியே துடைத்துவிட்டது போல நீல வானம், தரையெல்லாம் பனி, அதன்மேல் கண்ணைக் கூசவைக்கும் வெயில். என் அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை உற்றுப் பார்த்தார். "இவ்வளவு வெயில் அடிக்கிறது, பிறகு ஏனடா குளிர் குளிர் என்று புலம்புகிறாய்?" என்று கேட்டார். "வெளியே மைனஸ் 18 அப்பத்தா" என்றான் அவன். அம்மா நம்பவில்லை. அழைப்பு முடிந்ததும், அவன் வீட்டு வெப்பமானி பழுதாகியிருக்கும் என்று என்னிடம் சொன்னார்.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். தமிழில் 'வெயில்' என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. வடகம் காய வெயில் வேண்டும் என்னும்போது அது ஒளி. இந்த வருடம் என்ன வெயில் என்று அலுத்துக்கொள்ளும்போது அது சூடு. நம் ஊரில் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் ஒரு சொல்லே போதுமாக இருக்கிறது. வெளியூர்க் கதை பேசும்போதுதான் அது காலை வாருகிறது. 'லண்டனில் பகலே கிடையாது', 'பூமத்திய ரேகையில்தான் வெயில் அதிகம்', 'வடதுருவத்தில் ஆறு மாதம் கும்மிருட்டு', 'கத்திரியில் சூரியன் பூமிக்குக் கிட்டே வந்துவிடுகிறது' என்று படித்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். எல்லாம் ஒரே குழப்பத்தின் கிளைகள்.

கடைக் கணக்கு

ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். கடை திறந்திருந்த நேரம் ஒன்று. அந்த நேரத்தில் நடந்த வியாபாரம் இன்னொன்று. வாடகை, சம்பளம், கடன் எல்லாம் போக இரவில் கல்லாவில் மிஞ்சுவது மூன்றாவது. பதினாறு மணி நேரம் திறந்திருந்த கடையில் ஈ ஓட்டியிருக்கலாம். நல்ல வியாபாரம் நடந்த நாளில் கல்லா காலியாகவும் இருக்கலாம்.

பகல் நீளம் என்பது கடை திறந்திருக்கும் நேரம். அதாவது சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரையுள்ள பொழுது. மேகமோ மழையோ அதைத் தொட முடியாது. வெயில் என்பது வியாபாரம். அந்தப் பொழுதில் சூரிய ஒளி நேராகத் தரையில் வந்து விழுந்தது எவ்வளவு என்ற கணக்கு. சூடு என்பது கல்லாவில் மிஞ்சிய பணம். வந்த ஒளியில் எவ்வளவு தரையில் தங்கியது, எவ்வளவு திரும்பிப் போனது, காற்றும் கடலும் எதைக் கொண்டுவந்தன, எதைக் கொண்டுபோயின என்பதெல்லாம் கழித்துக் கூட்டிய பிறகு கிடைக்கும் மீதி அது.

மார்கழியில்தான் சூரியன் அருகில்

முதலில் கத்திரியை முடித்துவிடுவோம். பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை, லேசாக நீண்டது. அதனால் தூரம் கொஞ்சம் கூடிக் குறைகிறது. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். நாம் போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டுக்கொண்டு திருப்பாவை கேட்கும் மார்கழி அது. அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தொலைவில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டர். இதனால் பூமிக்கு வந்துசேரும் ஆற்றலில் ஏற்படும் வித்தியாசம் ஏறத்தாழ 7 சதவீதம்தான். கோடையையும் குளிரையும் தீர்மானிப்பது தூரம் என்றால் உலகம் முழுவதும் ஜனவரியில் ஒன்றாகக் கோடை வரவேண்டும். ஆஸ்திரேலியாவில் ஜனவரி கோடை. அதே நாளில் கனடாவில் உறைபனி.

தீர்மானிப்பது சாய்வு. பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு மாறாமலேயே பூமி சூரியனைச் சுற்றி வருகிறது. ஆகவே ஜூனில் வட பாதி சூரியனை நோக்கிச் சாய்ந்து நிற்கிறது, டிசம்பரில் தென் பாதி. சாய்ந்தால் என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொள்ள அடுப்படிக்குப் போனால் போதும். ஒரு கரண்டி மாவைக் கல்லில் சின்னதாக ஊற்றினால் கனமான ஊத்தப்பம். அதே மாவைக் கல் முழுக்க இழுத்தால் காகிதம் போலத் தோசை. மாவு ஒன்றுதான், பரப்புக் கூடியதால் ஓரிடத்துக்குக் கிடைக்கும் பங்கு குறைந்தது. சூரியன் தலைக்கு மேல் நின்றால் ஊத்தப்பம், அடிவானத்தை ஒட்டி நின்றால் தோசை.

எண்களில் பார்க்கலாம். டிசம்பர் 21 அன்று லண்டனில் நடுப்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரம்தான் ஏறுகிறது. நேராக விழுந்தால் தரைக்குக் கிடைக்கக்கூடியதில் கால் பங்குதான் அப்போது கிடைக்கும். அதிலும் அந்தச் சாய்ந்த கதிர் வளிமண்டலத்தில் ஏறக்குறைய நான்கு மடங்கு நீளத்தைக் கடந்துவருவதால் வழியிலேயே இன்னும் கொஞ்சம் போய்விடுகிறது. அதே நாளில் சென்னையில் நடுப்பகல் சூரியன் 53 டிகிரிக்கு மேல் நிற்கிறது. நம்முடைய மிகச் 'சோம்பலான' சூரியன்கூட லண்டனின் ஜூன் சூரியனைவிட (62 டிகிரி) அவ்வளவு ஒன்றும் தாழ்ந்துவிடவில்லை.

நம் ஊரில் தினமும் உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும் என்ற நம்பிக்கையும் உண்டு. வருடத்தில் இரண்டு நாள்தான் வரும். சென்னைக்கு அது ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருமுறை, ஆகஸ்டு மூன்றாம் வாரத்தில் ஒருமுறை. அன்று நண்பகலில் நட்டுவைத்த கம்புக்கு நிழல் இருக்காது. இந்த இரண்டு நாட்களுக்கும் இடையில் நடுப்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. ஜூன் மதியத்தில் வடக்குச் சன்னல் ஓரம் வெயில் எட்டிப் பார்ப்பது அதனால்தான்.

அப்படியானால் கத்திரி ஏன் சுடுகிறது? ஏப்ரல் கடைசியில் உச்சிக்கு வந்த சூரியன் மே முழுவதும் உச்சியை விட்டு அதிகம் நகர்வதில்லை. தரை காய்ந்து கிடக்கிறது. ஈரம் இருந்தால் அதை ஆவியாக்குவதில் கொஞ்சம் வெப்பம் செலவாகியிருக்கும், அந்தச் செலவும் இல்லை. தென்மேற்குப் பருவமழையின் மேகம் இன்னும் வந்துசேரவில்லை. சென்னைக்குக் கூடுதலாக ஒரு தொல்லை: மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று கடற்காற்றை உள்ளே விடாமல் தடுக்கிறது. கடற்காற்று பதினொரு மணிக்கு வந்தால் பிழைத்தோம். மூன்று மணிக்கு வந்தால் தீர்ந்தோம். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. சூரியன் அன்று ஜனவரியைவிட ஏறத்தாழ 45 லட்சம் கிலோமீட்டர் தள்ளித்தான் இருந்தது.

இதுவரை: பருவத்தை மாற்றுவது தூரம் அல்ல, சாய்வு. சாய்வு இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஒளி விழும் கோணத்தை மாற்றுகிறது. பகலின் நீளத்தை மாற்றுகிறது. இரண்டாவதை அடுத்துப் பார்ப்போம்.

பகல் எல்லோருக்கும் சமம்

பகல் நீளம் இரண்டே விஷயங்களைப் பொறுத்தது: தேதி, அட்சரேகை. அட்சரேகை என்பது ஓர் இடம் பூமத்திய ரேகைக்கு எத்தனை டிகிரி வடக்கே அல்லது தெற்கே இருக்கிறது என்ற அளவு. சென்னை 13 டிகிரி வடக்கு. டொரோண்டோ சுமார் 44, லண்டன் 51.5.

பூமத்திய ரேகையில் வருடம் முழுவதும் பகல் பன்னிரண்டு மணி நேரமும் சில நிமிடங்களும். சென்னையில் மிக நீண்ட பகல் 12 மணி 54 நிமிடம். மிகக் குறுகியது 11 மணி 21 நிமிடம். வருடம் முழுக்க ஒன்றரை மணி நேர ஏற்ற இறக்கத்தில் நம் கதை முடிந்துவிடுகிறது. லண்டனில் ஜூனில் 16 மணி 38 நிமிடம், டிசம்பரில் 7 மணி 50 நிமிடம். டிசம்பரில் லண்டன் போய்விட்டு வந்தவர் அங்கே பகலே இல்லை என்பார். ஜூனில் போனவர், இரவு ஒன்பது மணிக்குச் சூரியனைப் பார்த்த கதையைச் சொல்லிச் சொல்லி நம்மைப் படுத்துவார். இருவரும் பொய் சொல்லவில்லை.

பலருக்கு நம்பக் கடினமான விஷயம் இது: வருடம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் சென்னைக்கும் லண்டனுக்கும் வடதுருவத்துக்கும் பகல் நேரம் ஏறத்தாழ ஒன்றேதான், வருடத்தில் பாதி. துருவங்களுக்குச் சற்றுக் கூடுதல்கூட உண்டு. அங்கே சூரியன் அடிவானத்தை ஒட்டியே உருண்டுகொண்டிருப்பதால், காற்று ஒளியை வளைத்து, மறைந்த சூரியனையும் கொஞ்சம் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கும். கடை திறக்கும் மொத்த நேரத்தில் இயற்கை யாருக்கும் வஞ்சனை செய்யவில்லை. நமக்குத் தினக்கூலி, அவர்களுக்குப் பருவத்துக்கு ஒருமுறை மொத்தச் சம்பளம்.

சிங்கப்பூர் போய் வந்தவர்கள் இன்னொன்று சொல்வார்கள்: அங்கே சாயங்காலம் நீளம், ஏழு மணிக்கும் வெளிச்சம். உண்மைதான். காலை ஏழு மணி வரை அங்கே சூரியன் வருவதில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல மறந்துவிடுவார்கள். சிங்கப்பூர் இருக்கும் இடத்துக்கு உலக நேரத்தைவிட ஏழு மணி நேரம் முந்திய கடிகாரம் பொருந்தும். 1982 முதல் அவர்கள் எட்டு மணி நேரம் முந்தியதை வைத்திருக்கிறார்கள். கடிகார முள் நகர்ந்தது, பகல் நீளவில்லை.

பொங்கலும் தாமதமான விடியலும்

இது கொஞ்சம் சுற்றுவழி. ஆனால் நம் வீட்டு விஷயம் என்பதால் விட மனமில்லை. தை பிறந்தால் சூரியன் வடக்கே திரும்புகிறான், பகல் வளரத் தொடங்குகிறது என்கிறோம். வானத்துக் கணக்கில் அந்தத் திருப்பம் டிசம்பர் 21 அல்லது 22-இலேயே நடந்துவிடுகிறது. பூமியின் அச்சு பம்பரம் போல மிக மெதுவாகத் தலையாட்டுகிறது. 72 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி. நம் பஞ்சாங்க மாதங்கள் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடப்படுவதால் அந்த ஆட்டம் சேர்ந்து சேர்ந்து மூன்று வாரத்துக்கும் மேற்பட்ட இடைவெளியாகிவிட்டது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன.

அதைவிட வேடிக்கை, பொங்கலன்று பானை வைக்க எழுந்து கிழக்கே பார்த்தால் சூரியன் டிசம்பர் 21-ஐவிடத் தாமதமாகத்தான் வருவான். சென்னையில் டிசம்பர் 21 அன்று உதயம் சுமார் 6:26. பொங்கலன்று சுமார் 6:35. பகல் வளர்ந்திருக்கிறது, விடியல் பின்னால் போயிருக்கிறது! காரணம், சூரியன் உச்சிக்கு வரும் நேரம் கடிகாரத்தோடு ஒத்துப்போவதில்லை. டிசம்பர் கடைசியில் ஒவ்வொரு நாளும் அது முந்தைய நாளைவிடச் சுமார் அரை நிமிடம் பிந்துகிறது. உதயம், உச்சி, அஸ்தமனம் மூன்றும் சேர்ந்து பின்னால் நகர்கின்றன. நம் ஊரில் பகல் வளர்வது அதைவிட மெதுவாக நடப்பதால், சேரும் நிமிடங்கள் எல்லாம் மாலையில் போய்ச் சேர்கின்றன. காலையில் நஷ்டம்தான் தெரிகிறது.

சூரியன் உண்டு, வெயில் இல்லை: லீமா

இனி வியாபாரத்துக்கு வருவோம். வானிலை ஆய்வாளர்கள் 'வெயில் நேரம்' என்று ஒன்றை அளக்கிறார்கள். சூரியன் மேகத்தில் மறையாமல் போதுமான பலத்தோடு நேராக ஒளிர்ந்த மொத்த மணி நேரம் அது. அதை அளக்க 19-ஆம் நூற்றாண்டில் கேம்பெல், ஸ்டோக்ஸ் என்ற இரு பிரிட்டன்காரர்கள் உருவாக்கிய கருவி எனக்கு மிகவும் பிடித்த கருவிகளில் ஒன்று. கெட்டியான கண்ணாடி உருண்டை, அதற்குப் பின்னால் வளைவாகச் செருகிய ஓர் அட்டை, அவ்வளவுதான். சிறுவயதில் பூதக்கண்ணாடியால் காகிதத்தைப் பொசுக்கிய அதே வேலை. வெயில் அடித்தால் உருண்டை ஒளியைக் குவித்து அட்டையில் ஒரு கருகல் கோடு போடும். மேகம் மறைத்தால் கோடு அறுந்துபோகும். மாலையில் அட்டையை எடுத்தால் அந்த நாள் முழுவதும் அதில் எழுதியிருக்கும்: எட்டு மணிக்குத் தொடங்கி, பத்தரைக்கு அறுந்து, மதியம் விட்டு விட்டுப் புள்ளி வைத்து, நான்கு மணிக்கு மீண்டும் நீண்ட கோடு.

வருடத்தின் பகல் சுமார் 4,400 மணி நேரம். அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் உள்ள யூமா நகரில் ஏறத்தாழ 4,000 மணி நேரம் இந்தக் கோடு விழுகிறது. லண்டனில் 1,600 சொச்சம்தான். லண்டன் இருட்டு என்ற பேச்சில் உண்மை இருப்பது இங்கேதான். பகல் குறையவில்லை, மேகம் கூடியிருக்கிறது. யூமா பூமத்திய ரேகையில் இல்லை என்பதையும் கவனியுங்கள். பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதிகளில் ஈரக்காற்று தினமும் மேலே எழும்பி மேகமாகிறது. எழுந்த காற்று ஈரத்தை இழந்து, இருபது முப்பது டிகிரி அட்சரேகைப் பக்கம் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்றில் மேகம் தங்காது. சகாராவும் அரேபியாவும் அங்கே இருப்பது தற்செயல் அல்ல.

ஆனால் மேகத்துக்கும் மழைக்கும் உள்ள உறவைக் குலைத்துப்போடும் ஊர் பெரு நாட்டின் தலைநகர் லீமா. சென்னை 13 டிகிரி வடக்கு என்றால் லீமா 12 டிகிரி தெற்கு. இரண்டும் கடற்கரை நகரங்கள். பகல் நீளத்தில் ஏறத்தாழ இரட்டைப் பிள்ளைகள். மாதங்களை மட்டும் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும். சென்னையை வைத்து லீமாவைக் கற்பனை செய்தால் எல்லாமே தப்பாகிவிடும். அவர்களுடைய குளிர்காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, நாள்கணக்கில் சூரியனே தெரியாது. வானம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் தாழ்ந்து தொங்கும். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'கழுதை வயிறு'. இவ்வளவு மேகம் இருந்தும் மழை கிடையாது. 'கருவா' என்று அவர்கள் சொல்லும் ஈரப்பொடி மட்டும் விழும். சென்னைக்கு வருடத்தில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. லீமாவில் சில மில்லிமீட்டர்கள். கணக்கில் அது பாலைவனம்.

சூத்திரதாரி கடல். தெற்கிலிருந்து ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்த நீரைக் கரையோரமாக இழுத்து வருகிறது. அதன்மேல் உள்ள காற்று குளிர்ந்து கனத்து, கடலை ஒட்டியே கிடக்கிறது. அதற்கு மேலே வெதுவெதுப்பான உலர்ந்த காற்று மூடி போட்டதுபோல உட்கார்ந்திருக்கிறது. மேகம் உருவாகிறது, மேலே ஏறி மழையாக முடிவதில்லை. மூடி போட்ட இட்லிப் பானைக்குள் ஆவி சுற்றுவதுபோல நகரத்தின்மேல் சுற்றிக்கொண்டிருக்கிறது. மலைப்பக்கம் சில பத்துக் கிலோமீட்டர் ஏறினால் மூடியைத் தாண்டிவிடலாம். அங்கே பளீரென்ற வெயில். விடுமுறை நாளில் வெயில் காய லீமாக்காரர்கள் மலையேறுகிறார்கள்.

இதுவரை: பகல் நீளத்தை அட்சரேகை சொல்லிவிடும். வெயிலைக் கேட்க மேகத்திடம் போகவேண்டும். மேகத்தைக் கேட்கக் கடலிடமும் காற்றிடமும் போகவேண்டும்.

கல்லாவில் மிஞ்சுவது

ஜூன் மூன்றாம் வாரத்தில், வளிமண்டலத்தின் உச்சியில் அளந்தால், ஒரு நாளைக்கு வடதுருவத்துக்கு வந்துசேரும் சூரிய ஆற்றல் பூமத்திய ரேகைக்கு வருவதைவிட அதிகம். சூரியன் தாழ்வாகத்தான் நிற்கிறது, ஆனால் இருபத்துநான்கு மணி நேரமும் நிற்கிறது. ஆயினும் அங்கே வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே இருக்கும். புதிய பனி வந்த ஒளியில் எண்பது சதவீதத்துக்கு மேல் அப்படியே திருப்பி அனுப்பிவிடும். மிஞ்சியதில் பெரும்பங்கு பனியை உருக்குவதில் செலவாகிவிடும். வியாபாரம் அமோகம், கல்லா காலி.

டொரோண்டோவுக்கும் இதே கணக்குத்தான். ஜனவரி நடுவில் அங்கே மதியச் சூரியன் 25 டிகிரிதான் ஏறுகிறது. பகல் ஒன்பது மணி நேரத்தைச் சற்றே தாண்டும். கிடைத்ததையும் பனி திருப்பி அனுப்புகிறது. அம்மாவை ஏமாற்றிய அந்தத் தெளிந்த வானம்தான் குளிருக்கு உடந்தை. மேகம் தரைக்கு ஒரு கம்பளி மாதிரி; இரவில் தரை இழக்கும் வெப்பத்தைக் கொஞ்சமாவது பிடித்துவைக்கும். வானம் வெறுமையாக இருந்தால் வெப்பம் தடையின்றிப் போய்விடும். தவிர, அத்தனை தெளிந்த நாளைக் கொண்டுவருவதே பெரும்பாலும் வடக்கிலிருந்து இறங்கும் ஆர்க்டிக் காற்றுதான். பிரான்ஸின் தென்கரையில் உள்ள நீஸ் நகரமும் டொரோண்டோவும் ஒரே அட்சரேகை. நீஸில் கடற்கரைச் சாலையோரம் பனைவகை மரங்கள் நிற்கின்றன. இதமான மத்தியதரைக் கடல் முன்னால், வடகாற்றைத் தடுக்க ஆல்ப்ஸ் மலை பின்னால்.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊட்டி சூரியனுக்கு இரண்டு கிலோமீட்டர் கிட்டே இருக்கிறதே, ஏன் குளிர்கிறது என்று என்னிடம் ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. பதினைந்து கோடியில் இரண்டு ஒரு பொருட்டல்ல என்பது பாதிப் பதில். காற்றைச் சூடாக்குவது முக்கியமாகத் தரை, சூரியன் நேரடியாக அல்ல என்பது மீதிப் பதில். மேலே போகப் போகக் காற்று மெலிந்து, விரிந்து, குளிர்கிறது. கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி. ஆனால் மெலிந்த காற்று புற ஊதாக் கதிரை அவ்வளவாகத் தடுக்காது. தொட்டபெட்டாவில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அரைநாள் நின்றுவிட்டு வந்து, மறுநாள் மூக்குத்தோல் உரிந்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. சூடே இல்லாத வெயில் சுட்ட காயம்.

துருவ இரவில் நண்பகல்

நார்வேயின் வடக்கே டிரோம்சோ என்ற நகரம் சுமார் 70 டிகிரியில் இருக்கிறது. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை அங்கே சூரியன் உதிப்பதில்லை. உடனே நமக்குத் தோன்றுவது ஒன்றரை மாத அமாவாசை. நடப்பது வேறு. டிசம்பர் 21 நண்பகலில்கூட அங்கே சூரியன் அடிவானத்துக்கு 3 டிகிரிதான் கீழே. சூரியன் கீழே இருந்தாலும் மேல்காற்றில் பட்டுச் சிதறும் ஒளி தரைக்கு வருகிறது. அதற்கு அந்தியொளி என்று பெயர். சென்னையில் சூரியன் செங்குத்தாக விழுவதால் இருபது நிமிடத்தில் அது முடிந்துவிடும். டிரோம்சோவில் சூரியன் அடிவானத்துக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டில் நகர்வதால் மணிக்கணக்கில் நீளும். நண்பகலை ஒட்டி நீலமும் ரோஜா நிறமும் கலந்த ஒரு வெளிச்சம். வானம் தெளிவாக இருந்தால் விளக்கில்லாமல் நடமாடலாம். அட்லாண்டிக் நீரோட்டத்தின் தயவில் துறைமுகம் உறைவதில்லை. ஜனவரிச் சராசரி உறைநிலைக்கு மூன்று நான்கு டிகிரிதான் கீழே. கிட்டத்தட்ட அதே அட்சரேகையில், கடல் எட்டாத சைபீரிய உள்நாட்டில் உள்ள வெர்கோயான்ஸ்க்கில் அது மைனஸ் 45. அதே வெர்கோயான்ஸ்க்கில் 2020 ஜூன் 20 அன்று 38 டிகிரி செல்சியஸ் பதிவானது.

ஜனவரி நடுவில் கணக்குப்படி டிரோம்சோவின் சூரியன் திரும்பிவிடுகிறது. ஆனால் தெற்கே மலைகள் மறைப்பதால் ஊர்க்காரர்கள் அதைக் கண்ணால் பார்க்க ஜனவரி 21 வாக்கில்தான் முடிகிறது. அன்று சூரிய நாள். பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகத்தில் இருப்பவர்களும் ஜாம் வைத்த வட்ட இனிப்புப் பன் சாப்பிடுகிறார்கள். அதற்குச் சூரியப் பன் என்றே பெயர். அதே வாரத்தில்தான் சென்னையில் வருடத்தின் மிகத் தாமதமான விடியல். ஆறரை மணிக்கும் சூரியனைக் காணோமே என்று பால் பாக்கெட்டோடு வாசலில் நின்று யாராவது முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள்.